தண்டல் நோட்டும் தீர்மான நோட்டும்



சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், எங்கம்மா மகளிர் குழுவுல இருந்தாங்க. அந்தக் கடன்லதான் நான் பாலிடெக்னிக் படிச்சேன். இப்ப எங்க வீட்லயும் குழுக் கடன்னு வாங்கியிருக்காங்க. வாரா வாரம் ஆள் வந்து வாசல்ல உக்கார்றான். ரெண்டும் ஒண்ணா டீச்சர்?"

ஒன்று இல்லை அப்பா. ஏன் இல்லை என்று சொல்ல கொஞ்சம் வரலாறு வேண்டும். வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம் ஊர். ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது 1856-இல். தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது என்று உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறகு துறைமுகம் வளர்ந்தது. திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, அதுதான் இன்றைய அசோக் லேலண்ட். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம். இந்தப் பட்டியலில் வருகிற வேலைகள் பெரும்பாலும் ஆண்களுக்கு. சங்கம், போனஸ், பி.எஃப். எல்லாம் அவர்களுக்கு உண்டு.

அதே தெருவில் பெண்களும் உழைத்தார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கருவாடு காயவைத்தார்கள். வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம், இட்லி சுட்டார்கள். பூ கட்டினார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்தார்கள். இவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. சர்க்கார் கணக்கில் பலர் "வீட்டு வேலை" என்றுதான் எழுதப்பட்டார்கள்.

இந்தத் தொழில்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. காலையில் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். ஏலத்தில் மீன் எடுக்கப் பணம், அரிசி உளுந்து வாங்கப் பணம், பூ வாங்கப் பணம். அது இல்லாவிட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. வங்கிக்குப் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவளிடம் ஏது பத்திரம்? அதனால் தண்டல்காரர் வந்தார்.

தண்டல் என்றால் என்னவென்று வடசென்னையில் வளர்ந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காக ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் கொடுக்கும்போதே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். பிறகு தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால், "1,500 ரூபாய்தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழு 8,500-ம் ஒருநாள்கூட அவள் கையில் நிற்பதில்லை. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 120 ரூபாய் வட்டி வரும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்பவை இதைவிடக் கொடியவை. தமிழக அரசு 2003-இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று இவற்றைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் நம் தெருப் பேச்சு ஏறிய இடம் அது.

கடன் ஒரு குடும்பத்தை எதுவரை கொண்டுபோகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சென்னையில் நேரில் விசாரித்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. கடனுக்காக விற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு, ஆய்வு நடந்த நாளிலும் கடன் இருந்தது! உடம்பில் ஓர் உறுப்பு போயிற்று, கடன் போகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007 ஜனவரியில் செய்தித்தாள்களில் வந்தபோது, நம்மில் பலருக்கு அது தெரிந்த தெரு, தெரிந்த முகங்கள். ஆகவே வட்டி என்பதை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள்.

சரி, வழி என்ன?

வழியின் பாதி நம் பெண்களிடம் முன்பே இருந்தது. அதன் பெயர் சீட்டு. பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள், ஒவ்வொரு மாதம் ஒருத்தி எடுப்பாள். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை. எடுத்துவிட்டு ஓடிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாது, அதுதான் ஜாமீன். சீட்டின் குறையும் உங்களுக்குத் தெரியும். பணம் பிடிப்பவர் நல்லவராக இருக்க வேண்டும். கணக்கு அவர் மனதில் இருக்கும். அவர் கவிழ்த்தால் எல்லாம் கவிழ்ந்தது.

இதே யோசனையை ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் ராய்ஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கமாக மாற்றினார். சொத்து இல்லாவிட்டாலும், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் கூட்டாகப் பொறுப்பேற்றால் கடன் கொடுக்கலாம் என்பது அவர் வழி. சென்னை மாகாண அரசு 1890-களில் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இதைப் படித்துவர அனுப்பியது. நம் நாட்டுக்கும் ராய்ஃபைசன் வழிதான் வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆனால் இந்தச் சங்கங்களில் உறுப்பினராக நிலம் உள்ள ஆண்கள் வந்தார்கள், மாதச் சம்பள ஆண்கள் வந்தார்கள். கூடை சுமந்த பெண் வாசலுக்கு வெளியேதான் நின்றாள். மேலும் முக்கால் நூற்றாண்டு அப்படியே நின்றாள்.

1972-இல் அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, ஆளுக்கு 10 ரூபாய் போட்ட 4,000 பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வங்கியையே திறந்தார்கள். 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்துப் பரிசோதனை செய்தார். அவரை உலகமே அறியும், 2006-இல் நோபல் பரிசு பெற்றார். நம் சென்னையில் 1978-இல் நடந்ததை நம் பிள்ளைகள் அறியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜெயா அருணாசலம் என்பவர் காங்கிரஸ் கட்சியில் பணியாற்றியவர். வெள்ள நிவாரண வேலைக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போனபோது அங்குள்ள பெண்களிடம் பேசினார். அரிசி, துணி என்று நிவாரணம் கொடுத்துப் பழகிய அவரிடம் அந்தப் பெண்கள் கேட்டது, தொழிலுக்குச் சிறு கடன். கட்சியை விட்டு விலகி, 1978-இல் சுமார் 800 பெண்களோடு 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த நேரத்தில் ஒரு வசதி இருந்தது. 1969-இல் வங்கிகள் தேசியமயமாயின. 1972 முதல், மிக ஏழைகளுக்கு நூற்றுக்கு 4 வட்டியில் கடன் தரவேண்டும் என்ற திட்டம் காகிதத்தில் இருந்தது. காகிதத்திலிருந்து அதை இறக்க ஆள் தேவைப்பட்டது.

ஃபோரம் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒரே தெருவில் வசிக்கும் பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழு. அவர்களுக்குள் ஒருத்தி தலைவி. வங்கிப் படிவத்தை நிரப்புவது, கூட்டிக்கொண்டு போவது, தவணையை நினைவூட்டுவது அவள் பொறுப்பு. ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். சில நூறு ரூபாய்தான் கடன். நூற்றுக்கு 90-க்கு மேல் திரும்பி வந்தது. பணக்காரர்கள் வாங்கிய பெருங்கடன்களில் இந்தக் கணக்கைக் காட்ட வங்கிகளால் முடிந்திருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனாலும் வங்கியில் தாமதம், அலைச்சல். ஒருநாள் வங்கியில் காத்திருந்தால் ஒருநாள் வியாபாரம் போயிற்று. அதனால் 1981-இல் பெண்கள் தங்கள் சொந்தக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். 1904-இல் வாசலுக்கு வெளியே நின்றவள் 1981-இல் தானே ஒரு வாசல் கட்டினாள். பிறகு மூன்று மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் இதில் சேர்ந்தார்கள். குழுத் தலைவிகளும் ஊழியர்களும் அதே குடிசைப் பகுதிகளிலிருந்தே வந்தார்கள். வரதட்சணை எதிர்ப்பு, சாதி மறுப்புத் திருமணம் என்று அவர்கள் கடனைத் தாண்டியும் போனார்கள். ஜெயா அருணாசலம் 1987-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019-இல் மறைந்தார்.

அடுத்த கட்டம் சென்னைக்கு வெளியே, தருமபுரியில். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைக்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அது குழுக்களைத் தொடங்கியது. இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது, கவனியுங்கள். ஃபோரத்தில் கடன் முதலில். தருமபுரிக் குழுக்களில் சேமிப்பு முதலில். வாரம் ஒன்றோ இரண்டோ ரூபாய், ஆளுக்கு ஆள் சமமாகச் சேமிக்க வேண்டும். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுற்றிவிட வேண்டும். அதற்குப் பெயர் உள்கடன். ஆறு மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டினால்தான் வங்கி திரும்பிப் பார்க்கும்.

1991-இல் ரிசர்வ் வங்கி இதற்கு வழி திறந்துவிட்டது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. பதிவு செய்யாத ஒரு குழு, பத்திரம் எதுவும் இல்லாமல், தன் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கடன் வாங்கலாம் என்று ஆனது. ராய்ஃபைசனும் நிக்கல்சனும் சொன்னது, நூறு ஆண்டு கழித்து, நிலமில்லாத பெண்ணுக்கு வந்து சேர்ந்தது. 1997-98-இல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் தமிழக அரசு இதை விரிவாக்கியது. பிறகு சென்னைத் தெருக்களுக்கும் வந்தது. மதுரை பக்கம் களஞ்சியம் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 2001.

உங்கள் அம்மாக்கள் இருந்த குழு இந்த வழியில் வந்தது. பன்னிரண்டு முதல் இருபது பேர். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வாரம் ஒரு கூட்டம். தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ் புத்தகம். யாருக்கு முதலில் கடன் என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்து, தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். உள்கடனுக்குப் பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு 2 வட்டி. "ஆண்டுக்கு 24 ஆகிறதே, அதுவும் அதிகம்தானே டீச்சர்?" என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். அதிகம்தான். ஆனால் அந்த வட்டி யாருக்குப் போகிறது? குழுவின் பெட்டிக்குள்ளேயே திரும்பி வருகிறது. அதில் அவளுக்கும் பங்கு உண்டு. தண்டலில் போன 1,500 ரூபாயில் அவளுக்குக் காலணா பங்கு உண்டா?

நான் கண்ணால் கண்ட ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பல அம்மாக்களின் பெருவிரல் ரேகைதான் இருக்கும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ரேகை குறைந்து, கோணல்மாணலாகக் கையெழுத்து வந்தது. "குழுவுல கத்துக்கினேன் டீச்சர், ரேகை வெச்சா பேங்க்ல ஒரு மாதிரி பாக்கறாங்கோ" என்று ஓர் அம்மா சொன்னார். கல்வித் துறை செய்ய முடியாமல் போனதை ஒரு கடன் பேரேடு செய்து காட்டியது.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது, ஒரு ரூபாய் இட்லியைச் சுட்டுப் போட்டவர்கள் குழுப் பெண்கள். இன்று பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பவர்களும் அவர்களே. வாசல் அடுப்பு வைத்திருந்தவளுக்கு அரசு அடுப்படியில் இடம் கிடைத்ததற்குக் குழுவும் ஒரு காரணம்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதினால் வரலாற்று ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. சில குழுக்கள் மானியம் வரும் என்று சேர்ந்து, வந்ததும் கலைந்தன. சில இடங்களில் ஊக்குநரே நாட்டாமை ஆனார். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பட்டியலாகவும் குழு பயன்பட்டது. தள்ளுபடி வரும் என்ற எதிர்பார்ப்பு ஒழுங்காகக் கட்டுபவரையும் தயங்க வைத்தது. கூட்டுறவு வங்கிகளில் இருந்த குழுக் கடன் 2,756 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக 2021-இல் அரசு அறிவித்தது. கொரோனாவில் நொடிந்தவர்களுக்கு அது மூச்சு. நாணயமாக முன்பே கட்டி முடித்தவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கென்றே ஒரு கஷ்டமும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் அள்ளினார்கள், நினைவிருக்கும். மீனில் எண்ணெய் வாடை என்று யாரும் வாங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். கடன் வாங்கியவள் சோம்பேறி இல்லை, ஊதாரி இல்லை. கப்பல்காரனும் ஆலைக்காரனும் கொட்டியதற்கு அவள் தவணை தவறினாள். இப்படிப்பட்ட நாளில்தான் குழு எப்படிப்பட்டது என்பது தெரியும். உண்மையான குழுவில், "இந்த மாசம் அவ கட்ட வேணாம், அடுத்த மாசம் பாப்போம்" என்று தீர்மானம் எழுதலாம். ஏனென்றால் பணம் அவர்களுடையது.

இங்கேதான் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

குழுவாக இருந்தால் ஏழைப் பெண்கள் கடனைத் தவறாமல் கட்டுகிறார்கள் என்று 1978 முதல் நிரூபித்தது அந்தப் பெண்கள். அதைப் பார்த்து லாபக் கணக்குப் போட்டு வந்தவை பல சிறுகடன் நிறுவனங்கள். ஐந்து பேரையோ பத்துப் பேரையோ உட்காரவைத்து "குழு" என்று பெயர் வைத்தார்கள். சேமிப்பு கிடையாது. தீர்மான நோட்டு கிடையாது. யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது நிறுவனம். குழுவின் வேலை ஒன்றே ஒன்று: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பது. 2010-இல் ஆந்திராவில் இந்த வசூல் நெருக்கடியால் பெண்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற செய்திகள் வந்து, அரசு அவசரச் சட்டம் போட்டது. நம் சட்டமன்றமும் 2025-இல் கட்டாய வசூலைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2003-இல் தண்டலுக்காக எழுதிய சட்டத்தை 22 ஆண்டு கழித்து வேறு பெயரில் எழுத வேண்டி வந்தது என்றால் என்ன பொருள்? தண்டல்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, பரீட்சைக்கு முன்னால் சொல்வதைப்போல மூன்று கேள்விகள் சொல்கிறேன். ஒன்று, குழுவின் பெயரில் உங்கள் சேமிப்பு இருக்கிறதா? இரண்டு, வட்டிப் பணம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது? மூன்று, வீட்டில் சாவு விழுந்தால் இந்த வாரத் தவணையைத் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம்? "எங்களுக்கு" என்று பதில் வந்தால் அது மகளிர் குழு. "கம்பெனிக்கு" என்று வந்தால் அது தண்டல், பெயர் எதுவாக இருந்தாலும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: வீட்டில் கோபப்படாதே. எத்தனை இடத்தில் கடன், எவ்வளவு பாக்கி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மறைத்து வைக்கும் கடன்தான் வளரும். பிறகு உங்கள் பகுதி மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போய் உங்கள் தெருவில் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மிரட்டி வசூலித்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

மற்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ அத்தையோ சின்னம்மாவோ ஊக்குநராக இருந்திருந்தால், பரண்மேல் பழைய தீர்மான நோட்டுகள் கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். "மகள் பிரசவத்துக்கு 2,000 ரூபாய் கடன் கொடுப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்கிற மாதிரி வரிகள் அதில் இருக்கும். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் ஆவணக் காப்பகம் உண்டு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண்களின் வரலாறு அந்த நோட்டுகளில் மட்டும்தான் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டு பக்கம் படமெடுத்துக் கீழே கமென்ட்டில் போடுங்கள். பெயர், கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன், கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்